சீனித்தாயின் ராஜினாமா

அத்தியாயம் 4

சனிக்கிழமை காலை பதினொன்றரை மணி. எங்கள் துப்பறியும் நிலையத்தின் மாடிப்படியில் இரண்டு பேர் ஏறி வரும் சத்தம் கேட்டது. ஒன்று செருப்புச் சத்தம். மற்றது வெறுங்கால்.

"கீழ் பேக்கரிக்காரர் வாரதா இருந்தா வெண்ணெய் வாசம் முன்னால வரும். அதனால இது கேஸ்தான் அக்கா," என்றேன்.

"நீ துப்பறிஞ்சது போதும். போயிக் கதவைத் தொறலே," என்றார் மெட்டில்டா அக்கா.

மெட்டில்டா அக்காவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினாறு வருஷம் உட்கார்ந்திருந்தவர். ஊரில் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதையெல்லாம் காதில் வாங்கி, ஒன்றைக்கூட வாயில் விடாதவர். ஒரு நாள் அது தாங்க முடியாமல் போகவே, வேலையை உதறிவிட்டு பீச் ரோட்டுக்குப் பின்னால் இந்த மாடியறையில் துப்பறியும் நிலையம் திறந்தார். நான் சொரிமுத்து, அவருடைய உதவியாளன். வயது முப்பத்திரண்டு. சைக்கிள் சொந்தம். வாய் கொஞ்சம் நீளம் என்று அக்கா சொல்லுவார், நான் ஒப்புக்கொள்வதில்லை.

செருப்புக்காரர் அமலோற்பவம் டீச்சர். மேலக்கரை நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை. வெறுங்கால்காரி உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தாள். முழங்கால் வரைக்கும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"எம் பேரு சீனித்தாய். என்னய ராஜினாமா பண்ணிட்டாவ," என்றாள்.

"நாமதான ராஜினாமா பண்ணணும்? அடுத்தவன் பண்ணுனா அதுக்கு வேற பேருல்லா," என்றேன்.

"அதத்தான் தம்பி நானும் கேக்கேன்."

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். "நேத்து சாயங்காலம் தலைவர் இதக் கொண்டாந்து குடுத்தாரு. இன்னைக்கு மூணு மணிக்குக் கூட்டம். அதுக்குள்ள இது பொய்யின்னு காட்டணும் மெட்டில்டா. இல்லாட்டி பதினோரு பொம்பளப் பிள்ளையோட படிப்பு போச்சு."

"மொதல்ல இருந்து சொல்லுங்க டீச்சர்," என்றார் அக்கா.

சொன்னார். பள்ளிக்கு ஒரு பெற்றோர் ஆசிரியர் கழகம். அதற்கு ஏழு பேர் கொண்ட கமிட்டி. சம்பளம் கிடையாது, படி கிடையாது, கூட்டத்தன்று ஒரு டீயும் முறுக்கும்தான். உப்பளத்துப் பிள்ளைகள் பாதிப் பள்ளியை நிரப்புகிறார்கள், அவர்கள் வீட்டிலிருந்து ஒருத்தர் வேண்டும் என்று போன வருஷம் சீனித்தாயைத் தேர்ந்தெடுத்தார்கள். எட்டு மாதத்தில் அவள் இரண்டு காரியம் சாதித்திருக்கிறாள். தண்ணீர்ப் பானைக்கு மூடி. பெண்பிள்ளைகள் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள்.

"தாழ்ப்பாளுக்கு மட்டும் மூணு கூட்டம் பேசுனேன்," என்றாள் சீனித்தாய்.

மூன்றாவது காரியம்தான் இன்றைய ஓட்டு. எட்டாம் வகுப்பை ஒட்டி ஒரு அறை இருக்கிறது. அதைப் பால்வாடி ஆக்க வேண்டும் என்கிறாள் சீனித்தாய். உப்பளத்துக்குப் போகிற தாய்மார் விடியுமுன்னே கிளம்பிவிடுகிறார்கள். கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள். சீனித்தாயின் மகள் செல்லத்தாய் எட்டாம் வகுப்பு. தம்பிக்கு வயது பத்து மாதம். இதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொண்ட நாத்தனார் ஆனியில் கல்யாணமாகிப் போய்விட்டாள்.

"திங்கக்கிழமையிலேருந்து செல்லத்தாய நிறுத்திரணும்னு அவ அப்பா சொல்லிட்டாரு," என்றாள் சீனித்தாய். "அவரையும் குத்தம் சொல்ல முடியாது. இந்தக் கச்சான் காத்துலயும் வெயில்லயும் பச்சப்பிள்ளய பாத்தி வரப்புல போட முடியுமா? ஆனா அவ படிக்கிற பிள்ள அக்கா. எனக்கு வயிறு எரியுது."

"அந்த அறையில இப்ப என்ன இருக்கு?"

"தலைவர் சங்கரபாண்டியன் அண்ணாச்சியோட கயிறும் பெயிண்ட் டின்னும்," என்றார் டீச்சர். "கப்பல் சாமான் கடை வச்சிருக்காருல்லா. புதுத் துறைமுகம் வந்த பிறவு வியாபாரம் ஜாஸ்தி. கடையில எடமில்லன்னு மூணு வருஷம் முன்னால தற்காலிகமா வச்சாரு."

"மூணு வருஷம் பெயிலாகாம அங்கனயே படிக்குதா அந்தக் கயிறு!" என்றேன்.

டீச்சர் ஓட்டுக் கணக்கைச் சொன்னார். சீனித்தாயைச் சேர்த்தால் பால்வாடிக்கு நாலு ஓட்டு, எதிராக மூன்று. அவள் இல்லாவிட்டால் மூன்றுக்கு மூன்று. சமமானால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. கழக விதிப்படி ராஜினாமாக் கடிதம் கையில் வந்த நிமிஷமே செல்லும்.

அக்கா கடிதத்தை எடுத்தார். தேதி 17-8-1978. முத்து முத்தான கையெழுத்து. 'உடல்நலக் குறைவு காரணமாகவும் குடும்பச் சூழ்நிலை காரணமாகவும் என்னால் தொடர்ந்து பணியாற்ற இயலாத நிலை ஏற்பட்டுள்ளபடியால்' என்று ஒரே மூச்சில் நாலு வரி ஓடியது. கீழே ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை. ஒவ்வொரு கோடும் தனித்தனியாக, சுழி சுழியாக, அத்தனை சுத்தமாக இருந்தது.

"ஒடம்புக்கு என்ன செய்யுது சீனித்தாயி?"

"ஒண்ணும் செய்யல. காலையில நாலு மணியிலேருந்து உப்பு வாரிட்டுத்தான் வாரேன்."

"இந்தக் கடுதாசியில கைநாட்டு வச்சியா?"

"எங்க மாதாவே சத்தியம்னு டீச்சர் சொல்லுவாவ. நான் எங்க அம்மன் சத்தியமாச் சொல்லுதேன். இந்தக் கடுதாசிய நேத்துதான் கண்ணாலயே பாத்தேன்."

அக்கா அவள் கையைப் பிடித்துத் திருப்பினார். நானும் பார்த்தேன். உள்ளங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் வெடிப்பு. உப்புத் தண்ணீர் தோலைத் தின்று, நுனிகள் பளபளவென்று தேய்ந்திருந்தன.

"ஏலே, ஸ்டாம்ப் பேடக் கொண்டா."

சீனித்தாய் பெருவிரலை மையில் தொட்டு, வெள்ளைத் தாளில் அழுத்தினாள். எடுத்தாள். தாளில் ஒரு ஊதாத் திட்டு. நடுவில் நாலு கீறல். சுழியும் இல்லை, கோடும் இல்லை.

"கைநாட்டா இது? கட்டெறும்பு செத்துக் கெடக்க மாதிரில்லா இருக்கு," என்றேன்.

"ரேசன் கடக்காரனும் இப்படித்தான் ஏசுவான். 'என்னளா, மையக் கொட்டிட்டியா'ம்பான்."

அக்கா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. பதினாறு வருஷம் ராங் நம்பர்களைப் பிடித்த சிரிப்பு அது.

"டீச்சர், இது சீனித்தாய் கைநாட்டே இல்ல. எவனோ உப்பக் கையால தொடாதவன் வச்சிருக்கான். யாருன்னு கண்டுபிடிக்க மூணு மணி நேரம் இருக்கு. சொரி, சைக்கிள எடு."

சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் கடை பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில். வாசலிலேயே நங்கூரச் சங்கிலி. உள்ளே கயிறு, கப்பி, தார், பெயிண்ட், விளக்கு. கல்லாவுக்குப் பின்னால் சந்தனப் பொட்டும் வெள்ளைச் சட்டையுமாக அண்ணாச்சி. பக்கத்து மேசையில் குமாஸ்தா பால்துரை.

திட்டம் எளிது. அக்கா அண்ணாச்சியிடம் பேச்சுக் கொடுப்பார். நான் கயிறு வாங்குவேன், பில் போடச் சொல்வேன். கையெழுத்து கிடைக்கும். அண்ணாச்சியின் விரல் ரேகைக்கு வாசலில் காய்ந்துகொண்டிருந்த பெயிண்ட் டப்பா போதும். சற்றுமுன் அவரே பிடித்து நகர்த்தி வைத்த டப்பா. ஈரப் பச்சைப் பெயிண்டில் பெருவிரல் அச்சு கொழுகொழுவென்று பதிந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். கடிதத்தில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு. அண்ணாச்சி விரல் இல்லை.

பில் வந்தது. முத்து முத்தான கையெழுத்து. கடிதத்தில் ஓடிய அதே கை. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அக்காவிடம் நீட்டினேன்.

அக்கா பில்லையும் பார்த்தார், பால்துரையையும் பார்த்தார். "அண்ணாச்சி, சீனித்தாயோட ராஜினாமாவ எழுதுனது ஒங்க குமாஸ்தா."

அண்ணாச்சி பதறுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எங்களுக்கு இரண்டு கலர் சோடா உடைக்கச் சொன்னார்.

"ஆமாம்மா. நாந்தான் எழுதிக் குடுக்கச் சொன்னேன். அந்தம்மாவுக்கு எழுதத் தெரியாதுல்லா? எழுதத் தெரிஞ்சவன்தான எழுதணும்? கைநாட்டு யாரோடதுங்கதுதான கேள்வி."

பால்துரை தலையைக் குனிந்துகொண்டு, அடித்துத் திருத்த ஒன்றுமில்லாத ஒரு பில்லை அடித்துத் திருத்தினார்.

"அந்தக் கைநாட்டு அவளோடது இல்ல," என்றார் அக்கா.

"அப்படியா?" அண்ணாச்சி எழுந்து நின்றார். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். "இந்தா பாருங்க, இருபது வருஷமா அஞ்சு பைசா வாங்காம அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒழைக்கேன். புயல்ல ஓடு பறந்தப்ப ஏணியில ஏறி நின்னு ஓடு போட்டவன் நான். இந்த டீச்சர் அப்ப வேலைக்கே வரல. நேத்து வந்த உப்பளத்துக்காரி வந்து, 'எடுலே ஒங் கயித்த'ங்கா. கேக்கணுமாக்கும் நான்?"

"கேக்காண்டாம். ஓட்டுப் போடட்டும்."

"சரி, ஒரு பேச்சு. அவ கமிட்டியில சேந்தப்ப ஒரு சம்மதக் கடுதாசி குடுத்தா. கைநாட்டோட மினிட்ஸ் ரிஜிஸ்தர்ல ஒட்டியிருக்கு. மூணு மணிக்கு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரே கைநாட்டா இருந்துச்சின்னா, அந்தம்மாவக் கூட்டிக்கிட்டு நீங்களே வெளிய போயிரணும். சம்மதமா?"

"சம்மதம்," என்றார் அக்கா யோசிக்காமல்.

வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன்.

"அக்கா, தோக்கப் போறவரு கலர் வாங்கிக் குடுப்பாரா?"

"அதான் எனக்கும் ஒதைக்கி. பேசாம மிதி."

மூன்று மணிக்கு எட்டாம் வகுப்பு அறையில் கமிட்டி கூடியது. பிள்ளைகளின் பெஞ்சில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் எல்லாருக்கும் தாடையைத் தொட்டது. பால்வாடிக்கு ஆதரவான மூவர் ஒரு பக்கம்: அமலோற்பவம் டீச்சர், பஞ்சாலை ஃபிட்டர் ஒருவர், தையல்காரர் ஒருவர். எதிர்ப்பக்கம் அண்ணாச்சி, அவருடைய சிநேகிதரான அரிசிக்கடைக்காரர், அப்புறம் சங்கு குளிக்கிற சிலுவை. சிலுவை மூச்சைப் பிடித்து ஏழு பாகம் ஆழம் முங்குகிற ஆள், பேசுவதற்கு மட்டும் மூச்சை விடமாட்டார். அவருக்கு வேண்டிய கயிறெல்லாம் அண்ணாச்சி கடையிலிருந்துதான்.

சீனித்தாய் குளித்துவிட்டு, மஞ்சள் சேலை கட்டி வந்திருந்தாள். வாசலுக்கு வெளியே வராந்தாவில் செல்லத்தாய் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வீட்டில் விட ஆள் இல்லை.

டீச்சர் ரிஜிஸ்தரைத் திறந்தார். சம்மதக் கடிதம். அதன் கீழே ஊதா ரேகை. அக்கா பக்கத்தில் ராஜினாமாவை வைத்தார். நான் பூதக்கண்ணாடியை நீட்டினேன். இதற்காகத்தான் இவ்வளவு நாள் சட்டைப் பையில் சுமக்கிறேன்.

அக்கா பார்த்தார். மறுபடி பார்த்தார். மூன்றாம் தடவை கண்ணாடியை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

அதே சுழி. அதே கோடு. இடது ஓரத்தில் குறுக்கே ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு, இரண்டிலும் அச்சு மாறாமல்.

"சீனித்தாயி, கையக் காட்டு." அக்கா அவள் பெருவிரலைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடிப்புகளுக்கு நடுவில், இடது ஓரத்தில், வெடிப்பாகத் தெரியாத ஒரு பழைய கோடு இருந்தது.

"இது என்ன?"

"சின்ன வயசுல அருவாமண வெட்டுனது."

நாங்கள் காலையில் இந்தத் தழும்பைப் பார்க்கவே இல்லை. வெடிப்பைப் பார்த்த பெருமையில் தழும்பைக் கோட்டைவிட்டோம். கைநாட்டு சீனித்தாயுடையதேதான்.

"என்னம்மா?" என்றார் அண்ணாச்சி மெதுவாக. "பேச்சு பேச்சா இருக்கணும்."

மெட்டில்டா அக்கா தோற்று நான் பார்த்ததில்லை. பார்க்கப் பிடிக்கவும் இல்லை. அவர் கைக்குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். சீனித்தாய் பின்னாலேயே வந்தாள். வராந்தாவில் செல்லத்தாய், "அம்மா, அதுக்குள்ளயா முடிஞ்சுட்டு?" என்றாள். தாய் படியைப் பார்த்து நடந்தாள். எனக்குக் கேலி ஒன்றும் வாயில் வரவில்லை.

படியிறங்கும்போது சீனித்தாய் தனக்குத்தானே சொன்னாள்: "கமிட்டியில சேந்த அன்னைக்கு என்ன மழ! முட்டு வரைக்கும் தண்ணியில நனஞ்சுக்கிட்டே வந்து கைநாட்டு வச்சேன். இன்னைக்கு வெயில்ல வெளிய போறேன்."

அக்கா நின்றார். அவர் பின்னால் போன நான் முட்டிக்கொண்டேன்.

"மழையா? என்னைக்கு?"

"கார்த்திகையில அக்கா. அடமழ."

"மழையில உப்பளத்துல என்ன வேல இருக்கும்?"

"ஒரு வேலயும் இருக்காது. ஐப்பசியில மூடுனா பொங்க கழிச்சுத்தான் தொறப்பாவ. அந்த மூணு மாசந்தான் எங்க கையி கை மாதிரி இருக்கும். தோலு பூரா புதுசா வந்துரும். பிள்ளயத் தொட்டாக்கூட அழமாட்டான்."

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. என் வாய் திறந்தது, அக்கா குடைக்கம்பால் என் காலை மிதமாக ஒரு தட்டுத் தட்டினார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னைக்கு எத்தன தாள்ல கைநாட்டு வச்ச?"

சீனித்தாய் யோசித்தாள். "நாலு. ஒண்ணுல எழுத்து இருந்துச்சு. மத்தது வெள்ளத் தாளு. ஒவ்வொரு தடவையும் கூலிய விட்டுட்டு வந்து சிரமப்படாண்டாம், தேவப்பட்டா நாங்களே எழுதிக்கிடுதோம்னு அண்ணாச்சி சொன்னாவ. நல்லதுக்குத்தான சொல்லுதாவன்னு வச்சேன்."

நாங்கள் திரும்பி உள்ளே நுழைந்தோம். அண்ணாச்சி தீர்மானத்தைப் படிக்க ஆரம்பித்திருந்தார். எட்டாம் வகுப்பை ஒட்டிய அறையைப் பள்ளிப் பொருட்கள் பாதுகாப்பு அறையாக அறிவிக்கிற தீர்மானம் அது. பள்ளிக்கு இருந்த பாதுகாக்கத் தக்க பொருள் உடைந்த உலக உருண்டை ஒன்றுதான்.

"என்னம்மா இது? வெளிய போறதாப் பேச்சு," என்றார் அண்ணாச்சி.

"போயாச்சே அண்ணாச்சி. திரும்பி வரக் கூடாதுன்னு பேச்சு இல்லையே," என்றார் அக்கா. "நான் சொன்னது தப்பு. அந்தக் கைநாட்டு சீனித்தாயோடதுதான். எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிடுதேன்."

"அப்ப சரி."

"சரியில்ல. விரலு அவளோடது. மாசம் வேற." அக்கா காலையில் எடுத்த ஊதாத் திட்டுத் தாளை மேசையில் போட்டார். "இது இன்னைக்குக் காலையில அவ வச்சது. சந்தேகம்னா இப்பவே இன்னொரு தடவ வைக்கச் சொல்லுங்க. ஆவணி மாசத்துல, உப்பு வாருத சீசன்ல, இந்தக் கையில ஒரு கோடு விழாது. விழவே விழாது. ஒங்க ராஜினாமாவுல தேதி ஆகஸ்டு பதினேழு. கைநாட்டு மட்டும் மழைக்காலத்துக் கைநாட்டு. டிசம்பர் பத்துல சேந்தப்ப வச்ச அதே புதுத்தோலு. ரிஜிஸ்தரப் பாருங்க, தேதி இருக்கு."

ஃபிட்டர் எட்டிப் பார்த்தார். தையல்காரர் எட்டிப் பார்த்தார். அரிசிக்கடைக்காரர் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்து, பிறகு அவரும் பார்த்தார்.

"அன்னைக்கு வெள்ளத் தாள்ல மூணு கைநாட்டு வாங்குனீங்க. அதுல ஒண்ண எடுத்து, எட்டு மாசம் கழிச்சுப் பால்துரைகிட்டக் குடுத்து மேல எழுதச் சொல்லியிருக்கீங்க. கமிட்டிக்கு ஆளு வேண்டாம், பெருவிரலு மட்டும் இருந்தாப் போதும்னு நெனச்சிட்டீங்க. ஆனா எட்டு மாசம் எதிர்ல ஒக்காந்திருந்தவ கைய ஒரு தடவ பாத்திருந்தீங்கன்னா, இந்தத் தாள வெளிய எடுத்திருக்கமாட்டீங்க."

அண்ணாச்சியின் சந்தனப் பொட்டு வேர்வையில் இறங்க ஆரம்பித்தது. "நல்லதுக்குத்தான்... அவசரத்துக்குத் தேவைப்படும்னு..."

அப்போதுதான் யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து சத்தம் வந்தது.

"எங்கிட்டயும் மூணு வாங்குனீரே!"

சிலுவை. பெஞ்சிலிருந்து எழுந்து நின்றபோது பெஞ்சும் கூட எழுந்தது.

"எம் பேர்ல என்னத்தய்யா எழுதி வச்சிருக்கீரு? கடல்ல முங்குத நேரம் பாத்து என்னயும் ராஜினாமா பண்ணிருவீரா? எடும் அந்த ஃபைல!"

"ஏலே சிலுவை, ஒனக்கு நான் எம்புட்டுக் கயிறு..."

"கயிறு வேற கடையிலயும் விக்காவ. ஃபைல எடும்!"

கழகத்து அலமாரிச் சாவி அண்ணாச்சியின் இடுப்பில் இருந்தது. அவர் அதை எடுத்து மேசைமேல் வைக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் மூன்று முறுக்குத் தின்றுவிட்டேன். டீச்சர் அலமாரியைத் திறந்து தலைவரின் தனி ஃபைலை எடுத்தார். உள்ளே ஐந்து வெள்ளைத் தாள்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கைநாட்டு, மேலே ஒன்றுமே இல்லை. மூன்று சிலுவையுடையவை, இரண்டு சீனித்தாயுடையவை. சிலுவை தன்னுடையதை அங்கேயே சுக்குநூறாகக் கிழித்து, துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டார். ஒரு துண்டைக்கூடத் தரையில் விடவில்லை.

டீச்சர் ஓட்டெடுப்புக் கேட்டார். ராஜினாமா செல்லாது, சீனித்தாய் உறுப்பினர்தான் என்று முதலில் பதிவானது. பிறகு பால்வாடி. கைகள் எழுந்தன. டீச்சர், ஃபிட்டர், தையல்காரர், சீனித்தாய். ஐந்தாவதாக, கூரையைத் தொடுகிற உயரத்துக்கு, சிலுவை. எதிராக இரண்டு. அதில் அரிசிக்கடைக்காரரின் கை காதைச் சொறிவதற்காகத் தூக்கியது போலவே இருந்தது.

செல்லத்தாய் வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஜெயித்ததை நம்ப இன்னும் தைரியம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

"அந்த ரெண்டு தாளையும் கிழிச்சுப் போட்டுரு சீனித்தாயி," என்றார் அக்கா.

சீனித்தாய் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தாள். ஒன்றைக் கிழித்தாள். இன்னொன்றைக் கிழிக்கவில்லை.

"டீச்சர், தீர்மானத்த எழுதி, கமிட்டிக்காரங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான செல்லும்?"

"ஆமா."

"அப்ப இதுல எழுதிருவோம். எங் கைநாட்டு ஏற்கெனவே இருக்கு, நல்லா வெளங்குத மாதிரி. என் வீட்டுப் பிள்ளயே எழுதட்டும். ஏளா செல்லத்தாயி, வா இங்கன!"

சட்டம் அதை ஒத்துக்கொள்ளுமா என்று டீச்சர் அக்காவைப் பார்த்தார். அக்கா சன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் பேனாவைத் திறந்தார்.

செல்லத்தாய் உள்ளே வந்தாள். இடுப்பில் பிள்ளை. பேனாவை வாங்கினாள், பிள்ளை பேனாவைப் பிடித்தான். மறு கைக்கு மாற்றினாள், அவன் தாளைப் பிடித்தான். சுற்றுமுற்றும் பார்த்தாள். மேசைக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டுகிற தூரத்தில், அண்ணாச்சி மட்டும்தான் இருந்தார். ஒன்றும் யோசிக்காமல் பிள்ளையை அவர் மடியில் உட்கார்த்திவிட்டு, பெஞ்சில் குனிந்தாள்.

'மேற்படி அறையை வரும் திங்கட்கிழமைக்குள் காலி செய்து' என்று ஆரம்பித்து, நிறுத்தி நிறுத்தி, நல்ல எழுத்தாக எழுதினாள். அவசரப்படவில்லை. பிள்ளை அண்ணாச்சியின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கடித்தான், பொட்டைத் துடைத்தான், கடைசியில் காதைப் பிடித்துக்கொண்டு அவர் மார்பில் ஏற முயன்றான். இருபது வருஷத் தலைவர் இரண்டு கையாலும் அவனைப் பிடித்துக்கொண்டு வேர்த்துக் கொட்டினார்.

எழுதி முடிந்தது. ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். சிலுவை, மேலே இருந்ததை டீச்சரை வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்ட பிறகுதான் விரலை வைத்தார். தாள் அண்ணாச்சி முன்னால் வந்தது.

அண்ணாச்சி ஒரு கையை எடுத்தார். பிள்ளை சரிந்தான். அவசரமாகத் திரும்பப் பிடித்தார். மறு கையை எடுத்துப் பார்த்தார். அதுவும் முடியவில்லை.

"ஏட்டி, யாராவது இந்தப் பிள்ளயக் கொஞ்சம் பிடிங்களேன்!" என்றார் பொறுக்க மாட்டாமல். "நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

சீனித்தாய் நகரவில்லை.

"அதுக்குத்தான் அண்ணாச்சி அந்த ரூம்பக் கேக்கோம்," என்றாள்.